12 வயதுக்கு முந்தைய நீ

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அம்மாவும் நானும் நலம். ‘12 வயதுக்கு முன் நான் எப்படி இருந்தேன்?’ என்று நீ திங்கட்கிழமை தொலைபேசியில் கேட்டதற்கு அன்றே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேசத் தொடங்கினால் வழக்கம்போல உனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், உன் மருத்துவர் கேட்ட விவரம் நடுவில் நழுவிப் போகும் என்பதால் எழுதுகிறேன்.

விபத்தில் தலையில் அடிபட்டு வந்த மறதிக்கு ஏ.டி.ஹெச்.டி. (சிறு வயதிலேயே தொடங்கும் கவனக்குறைவுக் கோளாறு) என்று பெயர் தேடாதீர்கள் என்று முதலில் பார்த்தவரும், பொறியியல் படித்து வேலை பார்ப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று அடுத்தவரும் சொல்லி அனுப்பியதில் நீ சோர்ந்து போயிருந்தாய். மூன்றாமவர்தான் விபத்துக்குப் பின் எப்படி, 12 வயதுக்கு முன் எப்படி என்று பிரித்துக் கேட்டிருக்கிறார். உன் தம்பி எடுத்துக் கொடுத்ததைப் படித்தேன். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1994 பதிப்பில் 7 வயதுக்கு முன்பே அறிகுறி தென்பட்டிருக்க வேண்டும் என்றது. 2013 பதிப்பில் அதை 12 ஆக்கினார்கள். இன்றைய நிலையை மட்டும் கேட்கும் கேள்வித்தாளை நிரப்பினால், மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களில் பலருக்கும் ‘ஆம்’ என்றுதான் வரும். அதனால் பழைய காலத்துக்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி நானும் அம்மாவும், பிறகு பரணில் இருக்கும் தகரப் பெட்டியும்.

பெட்டியை இறக்கினேன். 1997இல் நீ மூன்றாம் வகுப்பு. அந்த ஆண்டு மதிப்பெண் அட்டையில் உன் ஆசிரியை, ‘கேட்டால் சொல்கிறாள், எழுதி முடிப்பதில்லை’ என்று எழுதியிருக்கிறார். அரையாண்டுக் கணக்கு விடைத்தாளும் கிடைத்தது. முன்பக்கத்தில் ஒரு தவறு கூட இல்லை; பின்பக்கத்தில் கேள்வி இருந்ததையே நீ பார்க்கவில்லை. நான்காம் வகுப்பில், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று காது டாக்டரிடம் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். செவித்திறன் சரியாக இருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டும் பெட்டியில் இருக்கிறது. கதைப் புத்தகம் கையில் இருந்தால் மட்டுமே உனக்குக் காது கேட்காது என்பதை அம்மா அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தாள். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு அணில் பார்த்துக்கொண்டு நின்றதும், முற்றம் முழுக்கத் தண்ணீர் ஓடியதும் ஒரு நாள் கதை இல்லை. ஒரே மழைக்காலத்தில் மூன்று குடை தொலைத்தாய்.

இல்லாததையும் எழுத வேண்டும். நீ ஓடி ஆடி வகுப்பைக் கலைத்த குழந்தை இல்லை. அமைதியாக உட்கார்ந்திருப்பாய், மனம் மட்டும் அங்கே இருக்காது. வகுப்பில் மேசை மீது ஏறும் பையனைத்தான் எங்களுக்குத் தெரியும். 31 ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கணக்கில் எடுக்கத் தெரியவில்லை. நீ தூக்கத்திலும் கால் ஆட்டுவாய் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. அவள் சொன்னதாகவே எழுதிக்கொள்.

வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது இந்தச் சிக்கல் தெரிந்திருக்க வேண்டுமாம். ஐந்தாம் வகுப்பு வரை நீ என் பள்ளியிலேயே படித்தாய். இரண்டு இடத்திலும் உன்னைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்றால் மருத்துவர் யோசிக்கக்கூடும். கும்பகோணத்தில் நீ ஆறாம் வகுப்பு படித்தபோது வந்த அட்டையில், என்னை அறியாத ஒரு வகுப்பாசிரியை அதே குறையை எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் அதைத்தான் முக்கியமாகக் காட்ட வேண்டும்.

பிறகு எப்படி பிளஸ் டூவில் 1,200க்கு 1,083 வாங்கினாய் என்று கேட்பார்கள். அம்மா அதிகாலை நாலரைக்குக் காபியோடு எழுப்பி, நீ முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள் என்று சொல். விடுதிக்குப் போன முதல் பருவத்திலேயே நான்கு பாடங்களில் அரியர் விழுந்ததையும் மறைக்காமல் சொல். அதன்பின் நீயே உனக்கென்று பட்டியல், அலாரம், கதவில் ஒட்டிய சீட்டு என்று ஏதேதோ முட்டுக் கொடுத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகள் ஓட்டினாய். 2021 விபத்தில் அந்த முட்டு சரிந்தது என்பது என் எண்ணம். நான் மருத்துவன் இல்லை.

விபத்துக்குப் பின் புதிதாக வந்தவற்றை இதோடு கலந்துவிடாதே. பேச்சில் வார்த்தை சிக்காமல் நிற்பது, மாலை மூன்று மணிக்கே உடல் துவண்டு போவது, மிக்ஸி சத்தம் தாங்காமல் எழுந்து போவது, தம்பி மேல் பாயும் கோபம், ரசம் தாளிக்கும் வாசனை தெரியாதது, இவை எதுவும் சிறு வயதில் இல்லை. மூளையின் முன்பகுதி கரடுமுரடான எலும்பின் மேல் அமர்ந்திருக்கிறது, அடிபடும்போது அதில் உராய்ந்து காயமாகிறது, வாசனை நரம்புகளும் அதே இடத்தில்தான் அறுபடுகின்றன என்று நரம்பியல் அறுவை மருத்துவர் அன்று விளக்கினார். ஒழுங்குபடுத்துவது, தொடங்கியதை முடிப்பது, கோபத்தை அடக்குவது எல்லாம் அந்தப் பகுதியின் வேலைகள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில், அடிபட்டவரின் நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ அளவு 15க்கு 13 என்றிருக்கிறது. 13 முதல் 15 வரை ‘லேசான’ காயம் என்பார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி நாங்கள் உன்னை இரண்டே மாதத்தில் வேலைக்குப் போகச் சொன்னோம்.

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களுக்கு விபத்து நேரும் வாய்ப்பும் கூடுதலாம். தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்த்துவிடச் சொல். மருந்தைப் பற்றி ஒன்று: விபத்து நடந்த முதல் வாரத்தில் உனக்கு ஒருமுறை வலிப்பு வந்தது. நீ மயக்கத்தில் இருந்ததால் உனக்கு அது நினைவில் இருக்காது. ஏ.டி.ஹெச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் பற்றிப் பேச்சு வந்தால் இதை முதலில் சொல். அது போதைப் பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வரும் மருந்து. வேறு வகையாக அடோமாக்சிடின் என்றும் ஒன்று உண்டாம். மூளைக் காயத்துக்குப் பிறகு கவனம் குறைந்தவர்களுக்கும் மெத்தில்ஃபெனிடேட் கொடுப்பதுண்டு என்பதால், மருத்துவர் ‘ஏ.டி.ஹெச்.டி. இல்லை’ என்று சொன்னாலும் சிகிச்சைக்கு வழி அடைபடாது. ஆகவே அவருக்குப் பிடித்த பதிலைத் தேடிச் சொல்லாதே. நடந்ததைச் சொல்.

இன்னொரு அட்டையும் இருக்கிறது. 1999, ஐந்தாம் வகுப்பு. தலைமையாசிரியர் குறிப்பு என்ற இடத்தில் ‘திறமை உண்டு, அக்கறை இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருப்பது நான். அன்று மாலை மூன்றாவது குடைக்காக உன்னை அளவுகோலால் அடித்ததும் நினைவிருக்கிறது. இந்த அட்டையை எடுத்து வைத்துவிடலாமா என்று அம்மா கேட்டாள். வேண்டாம், உன் பத்து வயதில் ஒருவர் கண்ணில் பட்டதைப் பேனாவில் எழுதிய ஆவணம் அது என்றேன்.

அசல் அட்டைகளைக் கூரியரில் அனுப்ப எனக்கு மனமில்லை. வியாழக்கிழமை இரவு மைசூரு எக்ஸ்பிரஸில் நானே கொண்டு வருகிறேன். வெள்ளி காலை ரயிலடிக்கு நீ வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், ஆட்டோவில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா