மரம் நடுறது உண்மைதான், ஆனா கம்ப்யூட்டர்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் வேலைவாய்ப்பு பக்கத்துல வீடியோ கேம் துறை பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட்ங்கிறதை "சுற்றுச்சூழல் கலைஞர்"னு தமிழ்ப்படுத்தி போட்டிருந்தீங்க. காலைல எட்டு மணிக்கே நாகப்பட்டினத்துல இருந்து பெரியப்பா போன். "ஏன் தம்பி, நீ மரம் நடுற வேலையா பார்க்குற, இத்தனை நாளா கம்ப்யூட்டர் வேலைன்னுல்ல சொன்ன"ங்கிறார். மரமும் நடுறேன் பெரியப்பா, ஆனா கம்ப்யூட்டர்லன்னு சொன்னேன், அவருக்கு அது இன்னும் குழப்பமாயிடுச்சு.

நான் எட்டு வருஷமா பெங்களூர்ல இந்த வேலை பார்க்குறேன். வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்கு அவுட்சோர்ஸ் எடுத்து செய்யற கம்பெனி. கட்டுரை மொத்தமா தப்புன்னு சொல்ல வரல, ஆனா "விளையாடிக்கிட்டே சம்பாதிக்கலாம்", "ஆறு மாச கோர்ஸ் போதும்"னு ரெண்டு வரி இருக்கு பாருங்க, அதை நம்பி எந்த வீட்டுலயாவது நகையை அடகு வைப்பாங்களேன்னுதான் எழுதுறேன். எங்க வீட்டுல வச்சாங்க.

வேலை என்னன்னு முதல்ல சொல்லிடறேன். கேம்ல ஓடுற ஆள், சுடுற ஆள், அவங்களை செய்யறது வேற டீம். அந்த ஆளைத் தவிர கண்ணுல படுற எல்லாம் எங்க தலைல. சுவர், ரோடு, சாக்கடை, சாக்கடை மூடி, மரம், செத்த மரம், கிழிஞ்ச போஸ்டர், ஒரு கால் உடைஞ்ச நாற்காலி. லெவல் டிசைனர்னு, கேம்ல ஆடற இடத்தைத் திட்டம் போடறவர், வெறும் சாம்பல் கலர் பெட்டிகளா அடுக்கி, இங்க ஒளியலாம், இங்க ஏறலாம்னு ஒரு கூடு மாதிரி தருவார், அதை ஊரா மாத்தறது நாங்க. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியா செய்ய மாட்டோம், ரெண்டு மீட்டர் சுவர், நாலு மீட்டர் சுவர், மூலை, ஜன்னல் வச்ச துண்டுன்னு ஒரு செட் செஞ்சு வச்சுக்கிட்டு அதையே திருப்பி திருப்பி பொருத்தி ஒரு தெருவையே எழுப்பிடுவோம், ஒரே துண்டு பக்கத்துல பக்கத்துல வந்து கண்ணுல படாம பாத்துக்கறதுலதான் பாதி சாமர்த்தியம்.

கம்ப்யூட்டர்ல எந்த உருவமும் குட்டி குட்டி முக்கோணத்தை ஒட்டி செஞ்சதுதான், செதுக்கும்போது ஒரு கல்லுக்கே லட்சக்கணக்குல முக்கோணம் இருக்கும். அதை அப்படியே கேம்ல போட்டா மிஷின் படுத்துடும். அதனால அதே கல்லை சில நூறு முக்கோணத்துல திரும்ப செஞ்சு, பெரிய கல்லோட மேடு பள்ளத்தை மட்டும் ஒரு படமா எடுத்து இது மேல போர்த்திடுவோம், இதுக்கு பேக்கிங்னு பேரு, பேக்கரிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. 2022ல வந்த அன்ரியல் 5ங்கிற கேம் செய்யற சாப்ட்வேர்ல நானைட்னு ஒண்ணு இருக்கு, அத்தனை முக்கோணத்தையும் அதுவே சமாளிச்சுக்கும், அது இந்த தலைவலியை நிறைய குறைச்சிருக்கு, ஆனா மொபைல் கேமுக்கு அதை நம்ப முடியாது, நம்ம ஊர்ல முக்கால்வாசி பேர் மொபைல்லதான் விளையாடுறாங்க. திரையில வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம் மாறணும்னா ஒரு பிரேமுக்கு 16.6 மில்லி செகண்டுதான், அதுக்குள்ள ஆளும் ஓடணும், லைட்டும் விழணும், என் மரத்துல இலையும் ஆடணும். இலைன்னா தனித்தனி இலை கிடையாது, தட்டையான அட்டைல இலைக்கொத்து படம் ஒட்டி சொருகறது. அட்டை ஒண்ணு மேல ஒண்ணு நிறைய வந்துட்டா அதுவும் மிஷினை இழுக்கும், ப்ரோகிராமர் வந்து நம்ம சீட்டுக்கு பின்னாடி நிப்பார்.

சாப்ட்வேர் கத்துக்கறது பெரிய விஷயமே இல்ல சார். பார்க்கறதுதான் கஷ்டம். சேர்ந்த புதுசுல எனக்கு ஒரு தகரக் கதவு குடுத்தாங்க. சப்ஸ்டன்ஸ் பெயின்ட்டர்னு, செஞ்ச பொருளுக்கு கலர் பூசற சாப்ட்வேர், அதுல துருவுக்குன்னே ரெடிமேடா இருக்கும், ஒரு கிளிக்ல கதவு பூரா துரு வந்துடும், போட்டேன், பாக்க பிரமாதமா இருந்துச்சு. டீம் லீட் வந்து பார்த்துட்டு "உங்க ஊர்ல மழை கீழ இருந்து மேல பெய்யுமா"ன்னு கேட்டார். எனக்கு புரியவே இல்ல. அந்த பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப கொல்லைப்பக்கம் பாத்ரூம் தகரக் கதவை அரை மணி நேரம் உக்காந்து பார்த்தேன், அம்மா எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டாங்க. ஆணி அடிச்ச இடத்துல துரு ஆரம்பிச்சு கீழ்நோக்கி கோடு கோடா வழியுது, அடி விளிம்புல தண்ணி தேங்கி தகரமே அரிச்சு ரம்பப் பல் மாதிரி இருக்கு, தினம் கை வைக்கற இடத்துல மட்டும் துருவே இல்ல, பளபளன்னு தேஞ்சிருக்கு. உப்புக்காத்து ஊர்ல பொறந்து வளர்ந்தவன் சார் நான், இருபத்திரண்டு வருஷம் அந்த கதவைத் திறந்து மூடியிருக்கேன், ஒரு நாளும் பார்த்ததில்ல. திரும்பிப் போய் கதவை மறுபடி செஞ்சேன், ஒரே ரவுண்டுல ஓகே ஆச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். ஒரு ப்ராஜெக்ட்ல தென்னிந்தியத் தெரு ஒண்ணு வேணும்னாங்க, கடை போர்டு எல்லாம் வேற யாரோ செஞ்சு வந்துச்சு. "பெட்டிக்கடை"ன்னு இருக்கணும், கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் தனியா புள்ளி வட்டத்தோட தொங்குது. அப்பல்லாம் போட்டோஷாப்ல தெற்காசிய எழுத்துக்குன்னு இருந்த செட்டிங்கை மாத்தாம டைப் பண்ணினா தமிழ் இப்படித்தான் உடைஞ்சுது. நாப்பது பேர் பார்த்து ஓகே சொன்ன போர்டு, ஏன்னா தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் அதுவரைக்கும் அந்த வரிசைல யாருமில்ல. நான் சொன்னதும் உடனே மாத்திட்டாங்க, அதுக்கு நன்றி சொல்லணும். அந்த கேம் எனக்கு அந்த ஒரு போர்டுக்காகத்தான் ஞாபகம் இருக்கு.

2017ல வந்த அன்சார்ட்டட் தி லாஸ்ட் லெகசி கேம்ல நம்ம பக்கத்து கர்நாடகால இருக்கற ஹொய்சாளர் காலத்து பேலூர், ஹளேபீடு பேரெல்லாம் வரும், கலிபோர்னியாவுல இருக்கற நாட்டி டாக்ங்கிற ஸ்டுடியோ செஞ்சது. விளையாடி முடிச்ச கையோட ஒரு சனிக்கிழமை பைக் எடுத்துக்கிட்டு ஹளேபீடு போனேன். கேம்ல எல்லாம் மலை உயரத்துக்கு சிலை, நேர்ல கோயில் அவ்வளவு உயரமே இல்ல, கோபுரமும் கிடையாது, ஆனா மாக்கல்லுல ஒரு சிலை கழுத்து மாலையோட மணி ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது, அதை எந்த கேமும் தொட்டதா எனக்குத் தெரியல. நம்ம பசங்க வேலைக்கு காட்டற போர்ட்போலியோ, அதாவது சொந்தமா செஞ்ச மாதிரிகள், எல்லாத்துலயும் ஐரோப்பா கோட்டையும் ஜப்பான் சந்தும்தான் இருக்கு. வீட்டு வாசல் திண்ணையை ஒருத்தனும் செய்ய மாட்டேங்கறான், இது என் சொந்தப் புலம்பல், விட்டுடுங்க.

இப்ப காசு விஷயம். நான் கோர்ஸுக்கு கட்டுனது ரெண்டே முக்கால் லட்சம், அம்மாவோட ஆறு பவுன் போச்சு, முதல் சம்பளம் பதினெட்டாயிரம், அதுல பெங்களூர் வாடகை போக மிச்சம் என்னன்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. கோர்ஸ்ல சொல்லிக் குடுத்ததுல பாதி, நான் வேலைக்கு வந்தப்பவே பழசு. உருவம் செய்யற பிளெண்டர் சாப்ட்வேர் இலவசம், அன்ரியல் எஞ்சினும் கத்துக்க காசு கேக்காது, யூடியூப்ல எல்லாம் கெடக்கு. பையனோ பொண்ணோ முதல்ல ஆறு மாசம் வீட்டுலயே உக்காந்து அடுப்படி ஒரு மூலையை, சும்மா நம்ம வீட்டு அடுப்படியைத்தான், முழுசா செஞ்சு முடிக்கட்டும். முடிச்சா அதுக்கப்பறம் காசு கட்டறதைப் பத்தி பேசலாம். பாதியில விட்டா ரெண்டே முக்கால் லட்சம் மிச்சம்.

வேலையும் நிரந்தரம்னு எழுதாதீங்க. 2024 ஜனவரில மைக்ரோசாஃப்ட் கேம் பிரிவுல மட்டும் 1,900 பேரை அனுப்பினாங்க, அங்க ஒரு ப்ராஜெக்ட் நின்னா இங்க எங்களுக்கும் அந்த வாரமே பெஞ்ச்தான், வேலை இல்லாம உக்காந்திருக்கணும். பேரும் வராது. மூணு வருஷம் உழைச்ச ஒரு கேம் ரிலீஸ் ஆனப்ப வீட்டுல எல்லாரையும் டிவி முன்னாடி உக்கார வச்சு கடைசில பேர் ஓடறதை போட்டுக் காட்டினேன், இருபது நிமிஷத்துக்கு மேல ஓடுது, அம்மா கண்ணாடியைத் துடைச்சு துடைச்சு பார்க்கறாங்க, எங்க கம்பெனி பேர் மட்டும் ஒரு வரி வந்து போச்சு. "உன் பேரு எப்பப்பா வரும்"னாங்க. அடுத்த கேம்லன்னு சொல்லி வச்சேன். ரெண்டு கேம் போயிடுச்சு.

அதே பக்கத்துல கீழ "ஆன்லைன் கேமிங் தடை"ன்னு தலைப்பு போட்டு ரம்மி செய்தி. 2025ல வந்த மத்திய சட்டம் தடுக்கறது பணம் வச்சு ஆடற கேமை, இ-ஸ்போர்ட்ஸ்ங்கிற வீடியோ கேம் போட்டியையும் சாதாரண கேமையும் அது தனியாத்தான் பிரிச்சு வச்சிருக்கு. நீங்க ரெண்டையும் ஒரே வார்த்தைல போட்டா எனக்கு பொண்ணு பார்க்கற இடத்துல "மாப்பிள்ளை ரம்மி கம்பெனியா"ன்னு கேக்கறாங்க சார், சிரிக்காதீங்க, ரெண்டு இடம் இப்படியே போச்சு.

பெரியப்பா விஷயத்துக்கு வர்றேன். அவர் முப்பது வருஷம் மேஸ்திரியா இருந்தவர். போன் பண்ணின அடுத்த வாரமே ஒரு கல்யாணத்துக்கு பெங்களூர் வந்தவரு என் ரூமுக்கு வந்து, காட்டு பார்க்கலாம்னு உக்காந்துட்டார். நான் சொந்தமா செஞ்சுக்கிட்டிருக்கற தெருவைத் திறந்து காட்டினேன். முதல்ல கதவைத்தான் பார்த்தார், "ஆளை விட இம்மாம் பெருசா வச்சிருக்கியே, யாரு யானையா வருது"ன்னார். கேமரா ஆளுக்குப் பின்னாடியே வரும் பெரியப்பா, நிஜ அளவுல வச்சா அது நிலையில இடிக்கும்னேன். சரின்னு மவுஸை வாங்கி அவரே சுத்தி சுத்தி பார்த்தார், திருப்பிக்கிட்டே சுவத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டார், அங்க ஒண்ணுமே இல்ல, சுவரே மாயமாயிடுச்சு, வெறும் நீல வானம். "பின்பக்கம் எங்கடா?" அங்க ஆடறவன் போக முடியாது, யாரும் பார்க்காத பக்கத்தை நாங்க கட்டறதில்லன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தவர், "எங்ககிட்ட வீடு கட்டினவன்ல பாதி பேர் இதைத்தான்டா கேட்டான், நாங்கதான் செய்யல"ன்னுட்டு சிரிச்சார்.

அடுத்த தடவை இந்த வேலையைப் பத்தி எழுதும்போது "சுற்றுச்சூழல் கலைஞர்" மட்டும் வேண்டாம். பெரியப்பா ஊர்ல எல்லார்கிட்டயும் "கம்ப்யூட்டர் கொத்தனார்"னுதான் சொல்லிக்கிட்டிருக்கார், எனக்கு ஆட்சேபணை இல்ல.

பேர் போட வேண்டாம், கம்பெனில கேப்பாங்க.

இப்படிக்கு,
நாகப்பட்டினத்துக்காரன், பெங்களூர்