வலென்சியாவில் வளர்ந்த பையன் யாருக்கு வெளிநாட்டவன்? ஸ்பெயின் கால்பந்து நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

லா லீகா தலைவருக்கும், ஸ்பெயின் அரச கால்பந்துக் கூட்டமைப்புக்கும், அங்குள்ள கால்பந்து வீரர்கள் சங்கத்துக்கும்,

வணக்கம்.

மூன்று பேருக்கும் ஒரே மடலாக எழுதக் காரணம் இருக்கிறது. நான் பேச வந்த விதி நீங்கள் மூவரும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டு வைத்திருப்பது. தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டிவிடலாம். உங்கள் முதல் டிவிஷனான லா லீகாவில் ஆடும் அணி ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர்களில் மூவரைத்தான் களத்துக்குக் கொண்டுவரலாம் என்கிற விதியைச் சொல்கிறேன். அதை ஒழித்துவிடுங்கள் என்று கேட்கப் போவதில்லை. அந்த மூன்று இடத்தில் யாரை எண்ணுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

லீ காங்-இன் கதை உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் ஒருமுறை முழுதாகச் சொல்ல விடுங்கள். தென் கொரியாவிலிருந்து 2011-இல் வலென்சியா கிளப்பின் இளையோர் பயிற்சிக்கு வந்தபோது அவருக்கு வயது 10. ஸ்பானிய மொழியை அங்கேயே கற்றார். ஒவ்வொரு வயதுப் பிரிவாக ஏறி, 2018-இல் முதல் அணிக்கு வந்தார். 2019-இல் போலந்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொரியா இறுதிப் போட்டி வரை போனது. தொடரின் சிறந்த வீரர் விருது லீக்குக் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் செல்சிக்கு எதிராகச் சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கினார். அப்போது வயது 18.

அப்புறம் 2021 ஆகஸ்ட். வலென்சியா ஒரு பிரேசில் முன்கள வீரரை வாங்கியது. மூன்று இடமும் நிரம்பியிருந்தன. யாராவது ஒருவர் எழுந்து இடம் விட வேண்டும். பத்து ஆண்டுகள் அந்த ஊரிலேயே வளர்ந்த லீயின் ஒப்பந்தத்தை முடித்து, ஒரு யூரோ கூட வாங்காமல் அனுப்பிவைத்தார்கள். அவர் மயோர்காவுக்குப் போனார். இரண்டு ஆண்டுகளில் பாரிஸ் சான் ஜெர்மெய்ன் வந்து வாங்கிக்கொண்டது. பயிற்சியாளருக்கு அவரைப் பிடிக்கவில்லை, கிளப் நிர்வாகம் குழப்பத்தில் இருந்தது என்றெல்லாம் சொல்லலாம்; அவையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த வாரத்தில் முடிவை விரட்டியது ஒரு எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை உங்களுடையது.

இதில் வினோதம் என்னவென்றால், ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தின் கணக்கில் லீ வெளிநாட்டவரே இல்லை. 15 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் ஒரு கிளப்பில் மூன்று ஆண்டுகள் பதிவாகியிருந்தால், அந்த வீரர் அந்தக் கிளப் வளர்த்தவர். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆக, சாம்பியன்ஸ் லீக் விதிப்படி அவர் வலென்சியா வளர்த்த பிள்ளை. அந்த வலென்சியா ஆடும் லா லீகாவில் மட்டும் அன்னியர். ஒரே மைதானம், ஒரே சட்டை. செவ்வாய்க்கிழமை நம்மவர், ஞாயிற்றுக்கிழமை வெளியார். இதை எப்படி நியாயப்படுத்துவீர்கள் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தின் ஒரு பகுதிக்கு மாரியோ கெம்பெஸ் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் அர்ஜென்டினாவில் வளர்ந்து, 22 வயதில் வலென்சியாவுக்கு வந்தவர்.

குபோவின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானியரான டகெஃபுசா குபோ சிறுவனாக பார்சிலோனாவின் இளையோர் பயிற்சிப் பள்ளியான லா மாசியாவில் இருந்தார். சிறார்களைப் பதிவு செய்ததில் விதிமீறல் என்று ஃபிஃபா பார்சிலோனாவைத் தண்டித்தபோது, ஆட முடியாமல் 2015-இல் ஊர் திரும்பினார். அது உங்கள் குற்றம் இல்லை. 2019-இல் ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது. அங்கே மூன்று இடத்தையும் வினீசியுஸ், ரொட்ரிகோ, மிலிட்டாவ் என்று மூன்று பிரேசில்காரர்கள் பிடித்திருந்தார்கள். மயோர்கா, வில்யாரியால், ஹெட்டாஃபே, திரும்பவும் மயோர்கா என்று மற்ற கிளப்புகளுக்கு இரவலாக, லோனிலேயே மூன்று சீசன் கழிந்தது. கடைசியில் 2022-இல் ரியல் சொசியடாட் வாங்கிய பிறகுதான் அவருக்கு ஒரு நிரந்தர வீடு கிடைத்தது. மாட்ரிடில் இருந்திருந்தால் முதல் பதினொருவரில் இடம் பிடித்திருப்பாரா? சந்தேகம்தான். ஆனால் முயன்று பார்க்கும் வாய்ப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, அந்தப் பிரேசில்காரர்களும் வெளிநாட்டவர்தானே, அவர்களுக்கு மட்டும் என்ன சலுகை என்று கேட்கலாம். சலுகை இருக்கிறது. ஸ்பெயினின் குடியுரிமைச் சட்டப்படி லத்தீன் அமெரிக்க நாட்டவர் இரண்டு ஆண்டுகள் சட்டப்படி வசித்தாலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு, பொதுவாக, பத்து ஆண்டுகள். வினீசியுஸ் 2018-இல் வந்தார், 2022-இல் ஸ்பானியக் குடிமகன் ஆனார், இடம் காலியானது. மெஸ்ஸியும் 2005-இல் அப்படித்தான் ஸ்பானியர் ஆனார். பிலிப்பைன்ஸ் நாட்டவருக்கும் இரண்டே ஆண்டுகள். ஒரு காலத்தில் ஸ்பெயின் ஆண்ட நாடு என்பதால். கொரியாவையும் ஜப்பானையும் ஸ்பெயின் ஆண்டதில்லை. அதற்கான தண்டனையாக அந்நாட்டு வீரர்கள் எட்டு ஆண்டுகள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள் போலும்!

காத்திருந்தாலும் தீராது. லத்தீன் அமெரிக்கர் தன் பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டியதில்லை. கொரியரும் ஜப்பானியரும் வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் தாய்நாட்டுக் குடியுரிமை போய்விடும். தேசிய அணியில் இருக்கும் இடமும் அதோடு போகும். உங்கள் கிளப்பில் ஓர் இடத்துக்காகத் தன் நாட்டுக்கு ஆடுவதை விட்டுவிடு என்று 20 வயதுப் பையனிடம் சொல்ல முடியுமா?

குடியுரிமைச் சட்டம் உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். அது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் உங்கள் எண்ணிக்கையை அந்தச் சட்டத்தின் தலையில் கட்டியது நீங்கள்தான். கட்டிய இடத்தில் இதுவரை விழுந்த ஓட்டைகளையும் பாருங்கள். டெனெரீஃபேயில் ஆடிய ரஷ்யர் இகோர் சிமுடென்கோவ், ரஷ்யாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இருந்த ஒப்பந்தத்தைக் காட்டி வழக்காடினார். 2005 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வரும்போது அவர் டெனெரீஃபேயை விட்டுப் போயே வெகுகாலம் ஆகியிருந்தது. அடுத்து 2008-இல் துருக்கியின் நிஹாத் கஹ்வேஜிக்கும் அதே நீதிமன்றம் அப்படியே சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் ஆப்பிரிக்க, கரீபிய நாடுகளோடு செய்த கோட்டோனு ஒப்பந்தத்தின் வழியாக அந்நாட்டு வீரர்களும் இந்த எண்ணிக்கைக்கு வெளியே வந்தார்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள் உள்ளே வந்து சேர்ந்தார்கள். இந்த மாற்றங்களில் எதையும் நீங்களாகக் கால்பந்தை மனதில் வைத்துச் செய்யவில்லை. வழக்கறிஞர்களும் வணிக ஒப்பந்தங்களும் ஒவ்வொரு வரிசையாக வெளியே எடுத்துவிட, எந்தக் கதவும் திறக்காமல் நீண்ட நாள் உள்ளேயே நிற்பவர்கள் பெரும்பாலும் கிழக்கு ஆசியர்களும் வட அமெரிக்கர்களும்தான்.

உள்ளூர்ப் பிள்ளைகளைக் காப்பாற்ற இந்த விதி வேண்டும் என்பீர்கள். வீரர்கள் சங்கத்துக்கு இந்தக் கவலை இருப்பது நியாயம். மலிவான ஒப்பந்தங்களில் ஏஜென்டுகள் ஆட்களைக் கொண்டுவந்து குவிப்பார்கள் என்ற பயமும் வீண் பயம் இல்லை. ஆனால் கதவை இறுக்கிப் பார்த்த அனுபவம் உங்களுக்கு நிறையவே உண்டு.

1962-இல் சிலியில் நடந்த உலகக் கோப்பைக்கு புஷ்காஷ், சந்தாமரியா, எவுலோஹியோ மார்டினெஸ் என்று வெளிநாட்டில் பிறந்தவர்களை வைத்துப் போன ஸ்பெயின் அணி குழுவில் கடைசியாக முடித்தது. காயத்தோடு போன டி ஸ்டெஃபானோ ஆடவே இல்லை. பழி முழுவதும் அன்னியர் மேல் விழுந்தது. வெளிநாட்டு வீரர்களை வாங்கத் தடை வந்தது. 1973 வரை நீடித்தது. என்ன கிடைத்தது? 1964 ஐரோப்பியக் கோப்பையை வென்றார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த அணி தடைக்கு முன்பே உருவானது, அதன் மூளையான லூயிஸ் சுவாரெஸ் இத்தாலியில் இன்டருக்கு ஆடிக்கொண்டிருந்த வெளிநாட்டு வீரர்! 1966 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு திரும்பினார்கள். 1970-க்கும் 1974-க்கும் தகுதியே பெறவில்லை.

அந்தப் பதினோரு ஆண்டுகளில் நன்றாக வளர்ந்தது ஒன்றுதான்: போலிப் பத்திரத் தொழில். ஸ்பானிய வம்சாவளியினருக்குத் தடை கிடையாது என்பதால், அர்ஜென்டினாவிலும் பராகுவேயிலும் திடீர் திடீரென்று ஸ்பானியத் தாத்தாக்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். தங்கள் வீரர்களுக்கு மட்டும் அனுமதி மறுக்கப்படுகிறது என்று கொதித்த பார்சிலோனா, மிக்கேல் ரோகா என்ற இளம் வழக்கறிஞரை வைத்துத் தோண்டியது. வம்சாவளிக் கணக்கில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோரின் பத்திரங்கள் போலி என்று தெரியவந்தது. அதே ரோகாதான் பிற்பாடு 1978 அரசியலமைப்பை எழுதிய எழுவரில் ஒருவர். ஊழல் அம்பலமாகும் நிலை வந்ததும் 1973-இல் கதவு திறந்தது, அணிக்கு இருவர் என்று. கிரைஃப் பார்சிலோனாவுக்கு வந்தார், நெட்ஸர் மாட்ரிடுக்கு. கெம்பெஸ் வந்ததும் அந்தக் கதவு வழியாகத்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1995 டிசம்பரில் போஸ்மன் தீர்ப்பு வந்து, ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களுக்கு வரம்பே இல்லை என்றானது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அதோடு வாழ்வு முடிந்தது என்று அன்று பலர் புலம்பினார்கள். அதன் பிறகு ஸ்பெயின் 2008, 2012, 2024 ஐரோப்பியக் கோப்பைகளையும் 2010 உலகக் கோப்பையையும் வென்றது. 2024 பெர்லின் இறுதிப் போட்டியில் வெற்றிக் கோலை அடித்த ஒயார்சாபல் ரியல் சொசியடாட் வீரர், குபோவுடன் ஒரே முன்கள வரிசையில் ஆடியவர். குபோ இருந்ததால் ஒயார்சாபல் தேய்ந்துபோனதாகத் தெரியவில்லை.

வினீசியுஸ் குடியுரிமை பெற்ற நாளில் மாட்ரிடில் ஓர் இடம் காலியானதே, அது எந்த ஸ்பானிய இளைஞனுக்குப் போனது? அது இன்னொரு வெளிநாட்டவருக்கான இடமாகத்தான் திரும்பவும் எண்ணப்பட்டது. இந்த விதியால் உள்ளூர்ப் பையனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இவ்வளவுதான். உள்ளூர் வளர்ப்பு வேண்டும் என்று ஒரு கிளப் மனதார விரும்பினால் அதற்கு உங்கள் விதி தேவையே இல்லை. பில்பாவோவின் அத்லெடிக் நூறாண்டுக்கு மேலாக பாஸ்க் வீரர்களை மட்டுமே வைத்து ஆடிக் காட்டிக்கொண்டிருக்கிறது.

லா லீகா தலைவரிடம் தனியாக ஒன்று. 2017 டிசம்பர் 23 அன்று மாட்ரிட், பார்சிலோனா மோதலைப் பகல் ஒரு மணிக்கு வைத்தீர்கள். இங்கே எங்களுக்கு மாலை ஐந்தரை. ஆசிய ரசிகர்களுக்காகத்தான் அந்த நேரம் என்பதை மறைக்கவும் இல்லை. அடுத்த ஆண்டு, இந்தியத் துணைக்கண்டத்தின் எட்டு நாடுகளில் மூன்று சீசன்களுக்கு ஃபேஸ்புக்கில் இலவசமாகப் பார்க்கக் கொடுத்தீர்கள். நடுராத்திரியில் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு நன்றியும் சொல்கிறேன். டில்லியில் அலுவலகம் திறந்தீர்கள். 2020 ஜனவரியில் எஸ்பான்யோலின் வூ லெய் பார்சிலோனாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் கோல் போட்டுச் சமன் செய்தபோது சீனாவே கொண்டாடியதை உங்கள் விளம்பரப் பிரிவு எவ்வளவு ஆசையாகப் பரப்பியது என்பதும் நினைவிருக்கிறது. எங்கள் கண்டத்துக்காகக் கடிகாரத்தைத் திருப்ப முடிகிறபோது, உங்கள் ஊரிலேயே வளர்ந்த ஆசியப் பையனைக் கணக்கிலிருந்து விடுவிக்கவா முடியாது?

நான் கேட்பது அதிகம் இல்லை. மூன்று என்ற எண் அப்படியே இருக்கட்டும். ஸ்பெயினின் எந்தக் கிளப்பிலாவது 15 முதல் 21 வயதுக்குள் மூன்று முழு சீசன் பதிவாகியிருந்தவர், அவர் பாஸ்போர்ட் எந்த நிறமானாலும், இந்த மூன்றில் எண்ணப்படக் கூடாது. புதிதாக வரையறை எழுத வேண்டியதில்லை, ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தின் வரையறையை அப்படியே எடுத்துப் போடலாம். உங்கள் கிளப்புகள் அதை ஏற்கெனவே ஆண்டுதோறும் நிரப்பிக் கொடுக்கின்றன. பெரியவராகி வந்தவர்களுக்கு, இரண்டு ஆண்டு லத்தீன் அமெரிக்கருக்குப் போதுமென்றால், ஸ்பெயினில் இரண்டு முழு சீசன் ஆடிய எவருக்கும் அதுவே போதும் என்று வையுங்கள். இதற்கு யாரும் குடியுரிமை மாற வேண்டியதில்லை, நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

சிறுவர்களைச் சின்ன வயதிலேயே கடத்திக் கொண்டுவருவார்கள் என்ற எதிர்வாதம் வரும். 18 வயதுக்குட்பட்டோர் மாற்றத்துக்கு ஃபிஃபாவின் கடுமையான விதி ஏற்கெனவே இருக்கிறது. அதன் வீச்சு எப்படியென்று பார்சிலோனாவைக் கேட்டால் சொல்வார்கள்.

வீரர்கள் சங்கத்துக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. மூவரில் நீங்கள்தான் முதலில் பேச வேண்டியவர்கள். 2021 ஆகஸ்டில் வலென்சியா வெளியே அனுப்பிய அந்த 20 வயதுக்காரரும் உங்கள் துறையின் தொழிலாளிதான். வேலையில் குறை என்று சொல்லாமல், பிறந்த நாட்டைச் சொல்லி ஒருவரை வேலையிலிருந்து நகர்த்தினால் மற்ற தொழில்களில் சங்கம் வாசலில் கொடி பிடித்து நிற்கும். அடுத்த முறை இந்த உடன்பாடு உங்கள் மேசைக்கு வரும்போது, கையெழுத்துப் போடும் முன் மேலே சொன்ன இரண்டு திருத்தங்களை முன்வையுங்கள். மற்ற இருவரும் மறுத்தால், ஏன் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்கி வெளியிடுங்கள்.

அன்புடன்,
இந்தியாவிலிருந்து ஒரு லா லீகா ரசிகன்