மாம்பழம் அழுகாமல் காக்க பொது வெந்நீர் நேர்த்தி வசதி கோரி மனு

அனுப்புநர்:
மா விவசாயிகள்,
சந்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்கள்,
போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: அறுவடைக்குப் பின் மாம்பழத்தில் வரும் பூஞ்சாண அழுகலைத் தடுக்க, பொதுப் பயன்பாட்டுக்கு வெந்நீர் நேர்த்தித் தொட்டி அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதியில் விளையும் பெங்களூரா ரக மா பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போய்விடுவதால் அதில் அழுகல் பெரிய பிரச்சினை இல்லை. அடி வாங்குவது, பழமாக விற்கும் செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, நீலம் ரகங்கள்தான். பறிக்கும்போது ஒரு புள்ளிகூட இல்லாத காய், பழுக்கப் பழுக்கத் தோலெங்கும் கரும்புள்ளி போடுகிறது. புள்ளிகள் சேர்ந்து குழிந்து சதையும் கறுக்கிறது. வேறு சில பழங்களில் காம்பைச் சுற்றிப் பழுப்பு படர்ந்து, இரண்டு மூன்று நாளில் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. வெளியூர் போன லோடில் இப்படி ஆனால், கழிவு என்று வியாபாரி பிடிக்கும் பணம் எங்கள் தலையில்தான் விழுகிறது.

கரும்புள்ளி போடுவது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சாண நோய், காம்பைச் சுற்றிப் படர்வது காம்பு அழுகல். இரண்டுமே தோப்பிலிருந்தே கூட வருபவை. பூவிலும் பிஞ்சிலும் மழை ஈரத்தோடு தொற்றும் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சாணம், காய் பச்சையாக இருக்கும் வரை தோலுக்குள் அடங்கிக் கிடந்து, பழுக்கும்போது கிளம்புகிறது. அதனால் எவ்வளவு தரம் பிரித்தாலும், துடைத்து அடுக்கினாலும் பயனில்லை.

இதற்கு மருந்தில்லாத வழி இருக்கிறது. பறித்த காயை 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 நிமிடம் மூழ்க வைத்து, ஆறவிட்டு, நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். சாப்பிடும் பழத்தில் மருந்து எச்சம் இருக்காது என்பதாலேயே இதை நாங்கள் பெரிதும் விரும்புகிறோம். ஆனால் அண்டாவில் விறகு வைத்துச் செய்கிற வேலை இல்லை இது. சூடு குறைந்தால் பூஞ்சாணம் சாகாது. கூடினால் தோல் வெந்துவிடும். காயைக் கொட்டியதுமே தண்ணீரின் சூடு இறங்கும். தானாகச் சூட்டைச் சீராக வைத்திருக்கும் தொட்டிதான் வேண்டும். அதை ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாக வாங்க முடியாது. சிப்பம் கட்டும் அறைக்குத் தோட்டக்கலைத் துறை மானியம் தருகிறது, சரி. மீதிப் பணத்தை முதலில் போட எங்களிடம் வழியில்லை.

ஆகவே ஒழுங்குமுறை விற்பனைக் கூட வளாகத்திலோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ ஒரு பொதுத் தொட்டி அமைத்துத் தர வேண்டுகிறோம். ஒரு கிரேட் பெட்டிக்கு இவ்வளவு என்று நியாயமான கட்டணம் வைத்தால் கட்டத் தயாராக இருக்கிறோம். அதோடு மாம்பழத்துக்கென 13 டிகிரியில் ஒரு தனிக் குளிர் அறையும் தேவை. அதற்கும் கீழான குளிரில் வைத்தால் காய் குளிரடிபட்டுத் தோல் கறுக்கிறது, சரியாகப் பழுப்பதும் இல்லை.

எங்கள் பங்கைச் செய்ய நாங்கள் பின்வாங்க மாட்டோம். காய்ந்த குச்சிகளைக் கழித்து எரிக்கிறோம். காயை உலுக்கிக் கீழே விழவிடாமல், ஒரு சென்டிமீட்டர் காம்போடு பறிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் பறிப்புக்கு வரும் கூலி ஆட்கள் பலருக்கு அதன் காரணம் தெரியவில்லை. பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் மூலம் அவர்களுக்குத் தோப்பிலேயே செய்முறைப் பயிற்சி அளிக்க ஆணையிட வேண்டும்.

மரங்கள் இப்போது பூவெடுத்து நிற்கின்றன. மே மாதம் செந்தூரா பறிப்பு தொடங்கும் முன் தொட்டி பயன்பாட்டுக்கு வரும்படி நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
சந்தூர் சுற்றுவட்டார மா விவசாயிகள்