ரேஸ் பார்க்க டென்ட் எடுக்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கமுங்க.

போன வாரம் கடைக்கு வந்த ஒருவர் பில்லைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, நாலு பேர் டென்டுக்குப் போன வருசம் 600, இப்ப 750-ஆ? டென்ட் அதேதானுங்களே?” என்று கேட்டார். டென்ட் அதேதான். இந்த வருசம் கூடவே எங்கள் ஆள் ஒருவர் வருகிறார். அவர் ஏன் வருகிறார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கார் ரேஸ் நடக்கும் வாரக் கடைசிகளில்தான் எங்களுக்குக் கூட்டம். சனிக்கிழமை ரேஸைப் பார்த்துவிட்டு வீடு திரும்பி, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மறுபடி கிளம்புவதைவிட, கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தோப்பில் இரவைக் கழித்துவிட்டுக் காலையில் போவது சுகம்தான். குழந்தைகளுக்கு ரேஸைவிட அந்த இரவுதான் பிடிக்கிறது என்று நிறைய பேர் சொல்லிவிட்டீர்கள்.

ஆனால் கோயம்புத்தூர்க் காற்றை நாம் மறந்துவிடுகிறோம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் வழிவிட்டு நிற்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு நம் பக்கம் வருகிறது. பல்லடம், உடுமலை, கிணத்துக்கடவு என்று காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். ஆடியில் அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் ஆறு பேர் டென்ட் வேலியைத் தாண்டிப் பறந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இரண்டு தலையணையும் ஒரு தூக்குப்போசியும் இருந்தன.

காற்றுக்குப் பயந்து எல்லோரும் தென்னைமரத்தடிக்குப் போவார்கள். போன வருசம் நடந்தது அதுதான். ஒரு குடும்பம் தோப்புக்கு நடுவே, நல்ல நிழலாகப் பார்த்து டென்டை அடித்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறது. திரும்பி வந்தால் டென்டின் முதுகு ஒடிந்து கிடக்கிறது. காய்ந்த மட்டை ஒன்று விழுந்திருக்கிறது. மட்டை என்றால் கீற்று இல்லைங்க, அடிக்கட்டை, கட்டை மாதிரி இருக்குமே, அது. கம்பி இரண்டும் முறிந்து, துணி முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அவர்கள் காசு தருகிறேன் என்றார்கள், நாங்கள் வாங்கவில்லை. மரத்தடியில் அடிக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லி அனுப்பவில்லை, தப்பு எங்கள் பேரில்தான். தேங்காய்க்கு மூன்று கண் இருக்கிறது, ஆள் பார்த்துத்தான் விழும் என்று தோப்புக்காரர் ஆறுதல் சொன்னார். தேங்காய்க்குக் கண் இருக்கலாம். மட்டைக்கு இல்லை.

அதனால் இந்த வருசம் எங்கள் ஆள் கூட வந்து, இடம் பார்த்து, அவரே அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். காற்று மேற்கே இருந்து வருவதால் தோப்புக்குக் கிழக்கே, மரத்தின் உயரத்துக்குக் குறையாமல் தள்ளி, ஓரத் தரிசில் அடிப்பார். மரங்கள் காற்றை வாங்கிக்கொள்ளும், மட்டை நம் மேல் வராது. டென்டின் வாசல் கிழக்கே பார்த்திருக்கும். செம்மண் என்றால் முளையைச் சாய்த்து அடித்தாலே போதும். கரிசல் என்றால் ஒரு மழைக்கே முளை வெண்ணெயில் குத்தின ஈர்க்குச்சி மாதிரி உருவிக்கொண்டு வந்துவிடும். அதற்கு மணல் மூட்டை நாலு தருகிறோம். அதற்குத் தனி வாடகை கிடையாது.

“தோப்பெல்லாம் எதுக்குங்க, மதுக்கரைப் பக்கம் மலையடிவாரத்துல அடிச்சுக்கறோம்” என்று கேட்பவர்களுக்கு டென்ட் தருவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அது யானை நடமாடும் இடம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கவும் முடியாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். தோப்பிலும் தரையில் நெருப்பு மூட்ட வேண்டாம் என்று நாங்கள் கெஞ்சுவதும் இதனால்தான். காய்ந்த ஓலைக்குப் பொறி ஒன்று போதும். கேஸ் அடுப்பு தருகிறோம், அரிசிம்பருப்புச் சோறு அதில் அருமையாக வரும்.

ரேஸைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகிறவர்கள் பாதி நேரம் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் வெயிலில் நின்றுவிட்டு வருகிறார்கள். கரி டிராக் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்தான். நம் முன்னால் போன கார் ஒரு நிமிடம் சொச்சத்தில் திரும்பி வந்துவிடும். அதனால் இங்கும் அங்கும் ஓட வேண்டாம், ஒரு வளைவைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நேர்ப்பாதை முடிந்து பிரேக் பிடிக்கும் இடம்தான் ருசியான இடம். பின்னால் வருகிறவர் முன்கார் ஒதுக்கும் காற்றுக்குள் ஒட்டிக்கொண்டு வந்து, கடைசி நொடியில் உள்பக்கமாக மூக்கை நுழைப்பார். எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்ற ஒற்றை இருக்கைக் கார் ரேஸ் இருந்தால் தவறவிடாதீர்கள். பெயரில் இருப்பது நம்ம ஊர் செயின் கம்பெனிதான். கார்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் கைத்திறமைதான் பேசும். மஞ்சள் கொடி ஆடினால் முன்னால் ஏதோ ஆகியிருக்கிறது, முந்தக் கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார், வழி விடு என்று அர்த்தம். சிவப்பு என்றால் ரேஸை நிறுத்தியாயிற்று.

டிராக்குக்குப் பெயர் தந்த கரிவர்தன், லட்சுமி மில்ஸ் குடும்பத்துக்காரர். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரைக் கோவையிலேயே கட்டினார். அதற்கு முன்னால் ரேஸ் கார் என்றால் கைக்கு எட்டாத சாமான். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003-ல் திறந்த டிராக்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2005-ல் இந்தியாவிலிருந்து முதன்முதலாக ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் நம்ம ஊர்க்காரர்தான். லேத்தும் பம்புமாக இருக்கும் ஊரில் இதெல்லாம் ஆச்சரியமில்லை என்பார் என் அப்பா. அவரே லேத்துக்காரர்தான்.

அப்பா ரயிலேறி சென்னைக்குப் போய் சோழவரத்தில் ரேஸ் பார்த்த காலம் உண்டு. அது இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வரும்வரை தென்னாட்டு ரேஸ் என்றால் அதுதான். வைக்கோல் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, கார் கிளப்பும் புழுதியையும் சேர்த்துத் தின்றோம் என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமை இப்போது வேண்டாம். 2024 ஏப்ரலில் இலங்கை தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் ரேஸில் ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள், அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. வேலிக்கு உள்ளே போய் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று, டிராக்கில் பாதுகாப்புக்கு நிற்கும் மார்ஷல்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

குழந்தைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம். பஞ்சு வைத்தால் போதாது. டென்ட் எடுக்கிறவர்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு ஒரு ஜோடி இலவசமாகத் தருகிறோம், திருப்பித் தர வேண்டாம்.

இனி ஒரே ஒரு மனத்தாங்கல். ஐப்பசி மழையில் நனைந்த டென்டை அப்படியே சுருட்டிப் பையில் திணித்து, புதன்கிழமை கொண்டுவந்து தருகிறீர்கள். இரண்டு நாளில் பூஞ்சை பிடித்து, கறுப்புப் புள்ளி போட்டு, அடுத்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு படுக்க வேண்டியிருக்கிறது. நனைந்தால் சுருட்டவே வேண்டாம். காரின் பின்னால் சும்மா அள்ளிப் போட்டு, திங்கள் காலையில் கொண்டுவந்துவிடுங்கள். மாடியில் காயப்போடுவது எங்கள் வேலை. ஜிப்பில் மண் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், அப்படியே விடுங்கள். பழைய பல்குச்சியும் மெழுகுவர்த்தியும் வைத்து நாங்கள் சரிசெய்துகொள்வோம்.

ரேஸ் தேதி தள்ளிப்போனால் முன்பணம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். மழை வரும்போல இருக்கிறது என்று நீங்களாக வேண்டாம் என்றால் பாதி. அடுத்த ரேஸின் தேதி உறுதியானதும் கடை வாசல் பலகையில் எழுதிப் போடுகிறோம். டென்ட் மொத்தம் 22 இருக்கிறது. அரிசிம்பருப்புக்குப் பெரிய குண்டா இரண்டுதான் இருக்கிறது, வேண்டுமென்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டென்ட் கடைக்காரன்