அந்தப் பலகையைக் கழற்றுங்கள்

மதிப்பிற்குரிய கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். கையால் ஒட்டுப் போர்வை தைத்து விற்கும் பெண்கள் குழு நாங்கள். கைவினைக் கொட்டகையில் ஒதுக்கிய இடத்திலிருந்து எங்களை எழுப்பி, பஜ்ஜிக் கடைகளுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓரமாக உட்கார வைத்த விவரம் உங்களுக்கே தெரியும். எழுப்பியவர்கள் நீங்கள்தானே. அதைத் திரும்ப விவரித்து உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. நான் எழுத வந்தது எங்கள் தலைக்கு மேல் நீங்கள் கட்டிவிட்டுப் போன பலகையைப் பற்றி. “தையல் – பழைய துணிப் பொருட்கள்” என்று மஞ்சளில் கறுப்பெழுத்து. ஆறு நாளும் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தோம்.

முதல் நாளே உங்கள் அலுவலகக் கூடாரத்துக்கு வந்து கேட்டேன். “இது கைவினை இல்லைங்க டீச்சர், வெறும் தையல். அதுவுமில்லாம நம்ம ஊர் பாரம்பரியமும் கிடையாது” என்றார் அங்கிருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார், நாற்காலிகூடப் போட்டார். அந்தப் பதிலை ஆறு மாதமாக மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த கண்காட்சிக்கு நீங்கள் விண்ணப்பம் கேட்டிருப்பதால் இப்போது எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவள் நான். ஆகவே கணக்கிலேயே தொடங்குகிறேன்.

எங்கள் ஒட்டுப் போர்வை ஒன்றின் அளவு 90 அங்குலத்துக்கு 60 அங்குலம். ஆறங்குலச் சதுரமாக 150 துண்டுகள். டெய்லர் கடைகளில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளை வாங்கி வந்து, துவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்து, இஸ்திரி போட்டு வெட்டுகிறோம். (பனியன் வேஸ்ட்டிலும் செய்து பார்த்தோம். கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இழுபடும், சதுரம் சதுரமாக நிற்காது.) மேலே ஒட்டுத் துணி, நடுவில் பழைய கைத்தறிச் சேலை, அடியில் நைந்து மெத்தென்று ஆகிப்போன சுங்குடி. மூன்றையும் சேர்த்து, ஓர் அங்குல இடைவெளியில், நீளவாக்கில் ஓட்டத் தையல். அறுபது வரிசை, வரிசைக்கு 90 அங்குலம், ஆக 5,400 அங்குலம். அங்குலத்துக்கு ஐந்து தையல் என்றால் ஒரு போர்வையில் 27,000 தையல். ஒவ்வொன்றும் கையால். துண்டுகளை இணைப்பதையும் சேர்த்தால் ஒருவருக்கு ஐம்பத்தைந்து மணி நேரம் ஆகிறது. வீட்டு வேலை முடித்து ராத்திரி இரண்டு மணி நேரம் தைப்பவருக்கு இது ஒரு மாதப் பாடு.

விலை 1,800 ரூபாய். நூலுக்கும் துணிக்கும் துவைப்புக்கும் 300. தைத்தவருக்கு 700, அதாவது மணிக்குப் பதின்மூன்று ரூபாய்கூட இல்லை. அதற்கு ஒத்துக்கொண்டுதான் தைக்கிறார்கள், ஏனென்றால் மீதி 800 எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். குழந்தைகள் புற்றுநோய் வார்டில், பிள்ளையோடு தங்கியிருக்கும் தாய்மார்களுக்குப் போகிறது. சிகிச்சைச் செலவை அரசுக் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொள்கிறது, அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் வைத்தியம் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு நீளும். அத்தனை நாளும் அம்மாவின் கூலி போய்விடுகிறது. பஸ் காசு, ராத்திரிச் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் இதெல்லாம் எந்தத் திட்டத்திலும் வராது. எங்கள் போர்வை அதற்குத்தான்.

போன வருஷம் கைவினைக் கொட்டகையில் இருந்தோம். 31 போர்வை விற்றது. 24,800 ரூபாயை அந்த வார்டுக்குக் கொடுத்தோம். கடை வாடகை 3,000 ரூபாயை நாங்களே கையிலிருந்து போட்டுக் கட்டினோம். இந்த வருஷம் நாங்கள் “கைவினை” இல்லாமல் “வணிகம்” ஆகிவிட்டதால் வாடகை 9,000. விற்றது நான்கு. வார்டுக்குச் சேர்ந்தது 3,200. உங்களுக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தைக்கூட விடுங்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் நடந்ததை மட்டும் கேளுங்கள்.

ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஒரு நீலப் போர்வையை எடுத்துப் பிரித்தார். திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். தையல் தெரிந்தவர்கள் முதலில் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். விரலால் ஒரு வரிசையைத் தடவிக்கொண்டே போய்க் கடைசி வரை பார்த்தார். வாங்கிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, பில் புத்தகத்தைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போது அவர் கணவர் நிமிர்ந்து பலகையைப் படித்தார். “பழைய துணிக்கா ஆயிரத்து எண்ணூறு? முந்நூறு தர்றேன், குடுங்க” என்றார். அந்த அம்மா போர்வையை மடித்து வைத்துவிட்டார். நன்றாக மடித்தார். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அந்த நீலப் போர்வையைத் தைத்த அக்காவுக்கு வயது 68. ஒரு கண்ணில் புரை அறுவை ஆகியிருக்கிறது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தி வேண்டும், கோத்துக் கொடுத்துவிட்டால் அவர் கைக்கு எங்கள் குழுவில் ஈடில்லை. அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பஸ்ஸில் வரும்போது, “ஏனுங்க டீச்சர், நாம கேக்கற வெல ஜாஸ்திங்களா?” என்றார்.

பன்னிரண்டு ஆண்டாகத் தைக்கிறார். ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. உங்கள் பலகை இரண்டே நாளில் கேட்க வைத்தது.

தயவுசெய்து அதைக் கழற்றுங்கள். எங்களைக் கைவினை என்று பதிவு செய்யுங்கள்.

நம்ம ஊர்ப் பாரம்பரியம் இல்லை என்றீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. தேரோட்டத்தில் தேரின் பக்கங்களில் தொங்கி ஆடும் தொம்பையைப் பார்த்திருப்பீர்கள். துணியில் துணி வைத்து ஊசியால் ஒட்டித் தைப்பதுதானே அது? தஞ்சாவூர்ப் பக்கம் செய்யும் அந்த வேலையைக் கைவினை இல்லை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். சாமிக்குத் தைத்தால் கலை, ஆசாமிக்குத் தைத்தால் பழைய துணியா? பழஞ்சேலையை மடித்து நாலு வரிசை ஓட்டி, பச்சைப் பிள்ளைக்குக் கீழே விரிக்காத பாட்டி உங்கள் வீட்டில் இருந்ததில்லையா? வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைப்பதைக் காந்தா என்று பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். பக்கத்துக் கர்நாடகத்தில், உத்தர கன்னடக் காடுகளில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப் போர்வையும் கந்தல் துணிதான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் நைந்துபோன வேலைச் சட்டைகளைக்கூட வெட்டிப் போர்வை தைத்தார்கள். அந்த வட்டாரப் பெண்கள் 1966லேயே கூட்டுறவு அமைத்து விற்றார்கள். 2002ல் அவர்களின் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. 2006ல் அந்நாட்டு அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாகவே அச்சிட்டது. எங்களுக்குத் தபால்தலை வேண்டாம். பத்தடிக்குப் பத்தடி இடம் போதும்.

நாங்கள் காலி செய்த இடத்துக்கு யார் வந்தார்கள் என்றும் பார்த்தேன். “கைவண்ணம்” என்று பலகை. உள்ளே பாலியஸ்டர் விரிப்புகள். ஒட்டுத் துணி போலவே அச்சடித்திருந்தார்கள். தையல் வரிசைகூட அச்சுதான்! தடவிப் பார்த்தால் மொழுமொழுவென்று இருந்தது. அது கைவினைக் கொட்டகையில், மின்விசிறிக்குக் கீழே. தொடக்க விழாவில் பெண்களின் கைத்திறனைப் பற்றிச் சிறப்பு விருந்தினர் அரை மணி நேரம் உருக்கமாகப் பேசினாராம். ஜெனரேட்டர் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை.

பொன்னாடைகளை மட்டும் எண்ண முடிந்தது. மேடையில் இருபத்திரண்டு. போர்த்தியவுடனே கழற்றி நாற்காலி முதுகில் போடுகிறீர்கள், அப்புறம் அவை எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. போர்த்திக்கொள்ள முடியாத துணிக்கு இவ்வளவு மரியாதை. அந்தச் சரிகைத் துணி எங்களுக்கும் ஆகாது, போர்த்துகிறவர்களின் தோலைக் குத்தும். இல்லாவிட்டால் கேட்டே வாங்கியிருப்பேன்.

மன்னிக்க வேண்டும். கோபத்தில் எங்கோ போய்விட்டேன். உங்கள் குழுவில் சம்பளம் இல்லாமல் வெயிலில் ஓடியாடி உழைப்பவர்களும் இருக்கிறார்கள். கடைசி நாள் மழை வந்தபோது எங்கள் மூட்டைகளைத் தூக்கிக் கொட்டகைக்குள் வைத்த இளைஞர்கள் உங்கள் ஆட்கள்தான். இந்த மடல் அவர்கள் மேல் அல்ல. பஜ்ஜி எண்ணெய் வாசம் ஏறிய மீதிப் போர்வைகளை மறுபடி துவைத்துக் காயப்போட எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. கைத்தையலை அடித்துத் துவைக்க முடியாது, மிஷினில் போடவும் பயம். அதையும் குறையாகச் சொல்லவில்லை.

கேட்பது இதுதான். வரும் தை மாதக் கண்காட்சிக்கு எங்கள் விண்ணப்பத்தைக் கைவினைப் பிரிவில் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவுக்குரிய வாடகையைக் கட்டுகிறோம், சலுகை வேண்டாம். பலகையில் “கையால் தைத்த ஒட்டுப் போர்வைகள்” என்று எழுதுங்கள். எழுதச் செலவாகும் என்றால் நாங்களே துணியில் தைத்துக் கொண்டுவருகிறோம். இது கைவினையா இல்லையா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால், உங்களில் யாராவது ஒரு ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். ஒரு வரிசை, தொண்ணூறே அங்குலம், ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள். டீயும் முறுக்கும் உண்டு.

விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஐப்பசி முடிவதற்குள் பதில் தெரிந்தால் நல்லது. ஒரு போர்வைக்கு ஒரு மாதம். குழுவில் பதினொரு பேர். கையிருப்பு போகப் புதிதாக எத்தனை தொடங்கலாம் என்று அதை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்ய வேண்டும். அந்த நீலப் போர்வை இன்னும் விற்கவில்லை. அதையும் கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காசிரியை,
தையல் குழுவின் கணக்குப்பிள்ளை