பீப்பி மாமா

அன்புப் பாப்பா,

ஹோட்டல்களில் சாக்ஸபோன் வாசித்த நம் பீப்பி மாமா போனதைப் பற்றி, "பாவம்ப்பா, கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாமலே போயிட்டாரு" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாய். அதற்குப் போனில் தட்டித் தட்டிப் பதில் சொல்ல என் விரலுக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம். நீ சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு. சவப்பெட்டியை நம் அடுக்குமாடி புளோக் கீழேதான் வைத்திருந்தார்கள். முதல் நாள் ஜெபம், சொந்தக்காரர்கள், கச்சாங் கடலை, பொட்டலத் தண்ணி எல்லாம் வழக்கம்போல. இரண்டாம் நாள் சாயங்காலம் அவருடன் வாசித்த பேண்டு ஆட்கள் வந்தார்கள். இரவு வேலைக்குப் போகணுமே, அதனால் சீக்கிரமே வந்துவிட்டார்கள். பாஸ் வாசிக்கிற மலாய்க்காரர், ஒரே ஒரு டிரம்மும் பிரஷ்ஷும் கொண்டுவந்த யுரேஷியக் கிழவர், ஒரு பிலிப்பினோ பாடகி. என்ன சுருதி என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாடி சீனப் பாட்டி நேராக வந்து தைவான் பாடகி தெரேசா தெங் பாட்டு ஒன்றைக் கேட்டார். பாதிரியார் முகத்தைப் பார்க்கணுமே! அவர்கள் யோசிக்கவே இல்லை, வாசித்துவிட்டார்கள். மாமா இருந்திருந்தாலும் வாசித்திருப்பார்.

நீ பிறக்கும்போதே அவர் ஹோட்டல் மாமாவாகிவிட்டார். அதற்கு முந்தின கதை உனக்குத் தெரியாது. அவருடைய அப்பா இங்கே சிங்கப்பூரில் செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். நம் ஆட்கள் நிறையப் பேருக்கு அங்கேதான் சோறு. இவர் ராணுவ பேண்டில் சேர்ந்து கிளாரினெட் கற்றார், அப்புறம் டெனர் சாக்ஸபோனுக்கு மாறினார். பிரிட்டிஷ் சிப்பாய்கள் இருந்தவரை தளத்தைச் சுற்றியிருந்த கிளப்புகளில் வாரம் முழுக்க வேலை. 1971இல் அவர்கள் மூட்டை கட்டியதும் அந்த வருமானம் நின்றது. நல்லவேளை, ஆர்ச்சர்ட் ரோட்டில் பெரிய ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். உள்ளே நுழைந்தவர் வயதாகும்வரை வெளியே வரவில்லை. சாயங்காலம் சட்டைக்கு இஸ்திரி போட்டு, கறுப்பு போ டை கட்டி, சாக்ஸபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். ஒரு ராத்திரிக்கு நாலு செட், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். கேட்பவர்கள் மீனைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள், கை தட்ட யாருக்கும் கை சும்மா இருக்காது. "நிம்மதியா சாப்பிடறாங்கன்னா நான் சரியா ஊதறேன்னு அர்த்தம்" என்பார்.

டிஸ்கோ வந்தது, பின்னணி இசையை மட்டும் பதிந்து வைத்த மைனஸ் ஒன் வந்தது. ஆறு பேர் பேண்டு, கீபோர்டுக்காரரும் பாடகியும் மட்டும் என்று சுருங்கியது. அப்போதும் இவரை விடவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை போய் உட்கார்ந்து கேட்டபோதுதான் புரிந்தது. பாடகி ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளி இருக்கிறதே, அங்கே மூன்று நான்கு சுரம்தான் வைப்பார். கச்சேரியில் நல்ல பிடில்காரர் பாடுபவரைத் தாங்குகிற மாதிரி. அவள் அடுத்த வரிக்கு வாய் திறக்கும்போது இவர் அந்த இடத்தில் இருக்க மாட்டார். அவள் அன்று தொண்டை சரியில்லாமல் ஒரு வரியைப் பாதியில் விட்டாள், மீதியை இவர் ஊதி முடித்தார். மேசையில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

வார்த்தை தெரியாத பாட்டை ஊதக் கூடாது என்பது அவர் கொள்கை. அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங் அப்படித்தான் என்று சொல்வார். உனக்குச் சொல்லிக்கொடுத்த கொஞ்ச நாளிலும் முதலில் டி.எம்.எஸ். பாட்டை வாயால் பாடச் சொல்லி உன்னை அழவைத்தாரே, நினைவிருக்கிறதா? தேக்கா, அதான் லிட்டில் இந்தியா பக்கம் யாராவது "கத்ரி கோபால்நாத் மாதிரி வாசிங்களேன்" என்று கேட்டால் காதைப் பிடித்துக்கொண்டு, "அவர் ஊர் வேற, என் ஊர் வேற" என்பார். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கோபால்நாத்மேல் இவருக்குப் பெரிய மரியாதை.

அவர் சாக்ஸபோன் பெட்டியில் பழைய ஒரு வெள்ளி நோட்டு எப்போதும் இருக்கும், பறவை படம் போட்ட நீல டாலர் நோட்டு. நம் ஊர் ஈரத்துக்கு சாக்ஸபோனில் ஜி ஷார்ப் சாவியின் தோல் திண்டு ஒட்டிக்கொள்ளும். நோட்டை அடியில் விட்டு, சாவியை அமுக்கி, மெதுவாக இழுப்பார். புது இரண்டு வெள்ளி பிளாஸ்டிக், அது ஈரத்தை உறிஞ்சாது என்று நாணய வாரியத்தையே திட்டுவார்.

ஜாஸ் பியானோக்காரர் ஜெரமி மொன்டேரோவுக்கு 2002இல் கலாசாரப் பதக்கம் கொடுத்தபோது தனக்கே கொடுத்த மாதிரி காப்பிக் கடையில் எல்லாருக்கும் தே தண்ணி வாங்கிக் கொடுத்தார். ஏக்கம் துளியும் இல்லை. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து, அரசாங்க வீவக வீட்டுக் கடனை அடைத்தது அந்தப் பித்தளைக் குழாய்தான். அவரைப் பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாவம் என்றால் கோவிட் காலத்தைச் சொல்லலாம். 2020 மார்ச் கடைசியில் பார்கள் மூடியதும் எல்லாம் நின்றது. 2022 மார்ச் கடைசியில் மறுபடி நேரடி இசைக்கு அனுமதி வந்தபோது அவர் நுரையீரல் ஒத்துழைக்கவில்லை.

நீ சொன்னதில் நான் ஒப்புக்கொள்கிற பாதி இது: அவர் வாசிப்பு எங்கும் பதிவாகவில்லை. அறுபதுகளில் இங்கே மலாய், சீன இசைத்தட்டுகள் நிறைய வந்தன. சிலவற்றில் இவரும் ஊதியிருக்கிறார். பின்னால் வாசித்தவர் பெயரை அட்டையில் யார் போட்டார்கள்? எந்தெந்தத் தட்டு என்று அவருக்கே மறந்துவிட்டது. அவர் பையன் தேடிப் பார்த்தான், போனில் எடுத்த சில துண்டுகள்தான் கிடைத்தன. எல்லாவற்றிலும் தட்டு முட்டுச் சத்தம்.

உன் கல்யாண விருந்தில் மாமா வாசித்தாரே, கீபோர்டு மட்டும் துணைக்கு. வீடியோக்காரர் அந்த நேரம் கேக்கையும் சித்தப்பாவின் வழுக்கையையும்தான் எடுத்துக்கொண்டிருந்தார், ஆனால் சத்தம் கட்டாயம் பதிவாகியிருக்கும். டிஸ்க் மெல்பர்னில் உன்னிடம்தான் இருக்கிறது. தபாலில் அனுப்பாதே, உடைந்துவிடும். மாப்பிள்ளையிடம் சொல்லி கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பு. படம் தெளிவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு மாமாவின் பையன் நம் வீட்டுக்கு வருகிறான், அதற்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
அப்பா
யீஷூன்