நானூறு ஆண்டு லிஃப்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஜப்பான் பயணக் கட்டுரையில், ஒசாகா கோட்டைக் கோபுரம் "நானூறு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது" என்று படித்தேன். மகள் அங்கே வேலை பார்த்தபோது நானும் அதில் ஏறியிருக்கிறேன். லிஃப்டில். பின்னால் வரப்போகிறவர்களின் மூட்டுவலியை நினைத்து, கோட்டையைக் கட்டிய தளபதி ஹிதேயோஷி அன்றைக்கே அதைப் பொருத்திவிட்டார் போலும்.

அவர் கட்டிய கோபுரம் 1615 போரில் எரிந்துபோனது. பிறகு நாட்டை ஆண்ட தொகுகவா மரபினர் மறுபடி எழுப்பியது 1665-ல் இடி விழுந்து எரிந்தது. இப்போது இருப்பது 1931-ல் நகரத்தார் நன்கொடையில் கட்டிய கான்கிரீட் கட்டடம். சுற்றியுள்ள கற்சுவர்களைச் சொல்லியிருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன். அவற்றுக்கு அந்த வயது உண்டு. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அச்சுக்குப் போகும் அவசரத்தில் நழுவியிருக்கும்.

ஆனால் நழுவுவது இது முதல் தடவையா? இரண்டு ஆண்டுகளுக்கு முன் கன்னங்கரேல் என்ற மத்சுமோதோ கோட்டையின் படத்தைப் போட்டு, கீழே "வெண்கொக்குக் கோட்டை ஹிமேஜி" என்று அச்சிட்டீர்கள். மத்சுமோதோவை அந்த ஊர்க்காரர்கள் காக்கைக் கோட்டை என்பார்கள். காக்கைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரிய ஜப்பானுக்குப் போகவேண்டியதில்லை என்று அப்போதே எழுதினேன். அந்த இடத்தில் ராசிபலனைப் பாராட்டி ஒருவர் எழுதிய கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு சுற்றுலா மலரில், நகோயா கோட்டைக் கோபுரத்தின் உச்சியில் நின்று ஊரைப் பாருங்கள் என்றீர்கள். பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு என் மைத்துனர் போனார். நிலநடுக்கப் பாதுகாப்புக்காக 2018 மே மாதமே அதை மூடிவிட்டார்கள். பக்கத்திலேயே மரத்தில் புதிதாக எழுப்பிய ஹொன்மாரு அரண்மனை, தங்கத் தகடு ஒட்டிய ஓவியங்களோடு திறந்துதான் இருக்கிறது. அதைப் பற்றி மலரில் ஒரு வரி இல்லை. அவரும் பார்க்காமல் திரும்பிவிட்டார். மலரைக் கொடுத்தவன் நான். கல்யாண வீடுகளில் இன்றும் அதைக் கேட்கிறார்.

பழைய கோபுரம் என்றால் எப்படியிருக்கும் என்று என் முழங்காலைக் கேளுங்கள். மத்சுமோதோவில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். வெளியே எண்ணினால் ஐந்து அடுக்கு, உள்ளே ஆறு தளம். படிக்கட்டா, ஏணியா என்று சொல்லமுடியாது. இறங்கிவந்து அரைமணி நேரம் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கோட்டைகளை ஒழிக்கச் சொன்ன மெய்ஜி அரசின் 1873 ஆணைக்கும், பிறகு வந்த இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சுக்கும் தப்பி நாடு முழுவதிலும் மிஞ்சியிருக்கும் பழைய கோபுரங்கள் 12 மட்டுமே. அவற்றோடு லிஃப்ட் கட்டடத்தையும் ஒரே வரிசையில் உட்காரவைத்தால் கோபம் வராதா?

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். இடமிருந்தால் அந்த 12 பெயர்களையும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தரலாம். ஒசாகா கோட்டையின் லிஃப்ட் வாசலில் என் மனைவி நிற்கும் படத்தை இணைத்திருக்கிறேன். அதற்கும் ஹிமேஜி என்று பெயர் போட்டுவிடாதீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
22 ஆண்டு சந்தாதாரர்,
கும்பகோணம்.